சேதாரம்

கோயமுத்தூரில் எனக்கு ஒரு சிநேகிதர் இருக்கிறார். பஞ்சு வியாபாரம். காப்பிக்குச் சர்க்கரை போடுவதற்குக் கூட இரண்டு தரம் யோசிக்கிற மனிதர். அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் இரவு பத்து மணிக்கு டெலிபோனில் கூப்பிட்டு, "ஸார், பிளாக்கைக் கழட்டி இறக்கியாச்சு. வியாழக்கிழமை பட்டறைக்குக் கொண்டு போறோம். நீங்க அவசியம் வந்துடணும்" என்றார். வீட்டில் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் என்று சொல்வது போல இருந்தது குரல்.

பிளாக் என்பது மோட்டார் எஞ்சினின் உடம்பு. ஒரே வார்ப்பாக வார்த்த இரும்புக் கட்டி. அதில் பிஸ்டன்கள் ஏறி இறங்குவதற்கு வட்டமான கிணறுகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தண்ணீர் ஓட இடம் விட்டிருப்பார்கள். எஞ்சினில் மற்ற எல்லாவற்றையும் மாற்றலாம்; பிளாக்கை மாற்றினால் எஞ்சினையே மாற்றியதாகத்தான் கணக்கு. ஒரு மோட்டாரின் வயிற்றைப் பார்க்க நானூறு ஐந்நூறு கிலோமீட்டர் ரயில் ஏறிப் போவார்களா என்று வீட்டில் கேட்டார்கள். கதை எழுதுகிறவனுக்கு எந்தத் தொழில் எந்த நாளில் கை கொடுக்கும் என்று யார் கண்டது? போனேன்.

வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1948-ம் வருஷத்து எம்.ஜி.; டி.ஸி. என்ற ரகம். எம்.ஜி. என்றதும் நம் ஊரில் மூன்றாவது எழுத்தையும் தாமாகவே சேர்த்துக் கொண்டு விடுவார்கள். இது மாரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் மாரிஸ் மோட்டார்களை விற்றும் பழுது பார்த்தும் வந்த கடை அது. அங்கே மானேஜராக இருந்த ஸெஸில் கிம்பர் என்பவர், சாதுவான மாரிஸ் வண்டிகளுக்கு வேறு உடுப்புப் போட்டு, கொஞ்சம் வேகமும் கொடுத்து விற்க ஆரம்பித்தார். அதிலிருந்து பிறந்த பெயர்தான் எம்.ஜி. கிம்பர் 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ரயில் விபத்தில் இறந்து போனார். வேக மோட்டார்களோடு காலத்தைக் கழித்தவருக்கு ரயிலில் முடிவு எழுதியிருந்தது. அந்த வருஷக் கடைசியில் டி.ஸி. வெளிவந்தது. 1949 வரை ஏறத்தாழப் பத்தாயிரம் வண்டிகள் செய்தார்கள். நீண்ட மூக்கு, கம்பிச் சக்கரங்கள், இரண்டு பேர் நெருக்கி உட்கார இடம். உடம்புத் தகட்டுக்குள்ளே எலும்புக் கூடு ஆஷ் மரம். நம் ஊர் மழைக்கு மேல்கூரை ஓர் ஆறுதல் வார்த்தை மாதிரிதான்.

சிநேகிதருடைய தகப்பனார் 1958-ல் இதை வால்பாறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத் துரை ஒருவரிடமிருந்து வாங்கினாராம். மலை இறங்கி வரும்போதே பிரேக் சூடேறிப் புகைந்ததைப் பற்றி அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் பேசுகிறார்கள். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், யுத்த காலத்து விமானத் தளத்தில், அந்த நாளில் மோட்டார் பந்தயம் நடக்கும். அதில் இவர் இரண்டு வருஷம் ஓட்டியிருக்கிறார். ஜெயித்ததாகத் தகவல் இல்லை. "அப்பா எப்பவும் ஆறாவதோ ஏழாவதோதான்" என்றார் சிநேகிதர் பெருமையோடு. தகப்பனார் காலமாகிப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. வண்டி கொட்டகையில் படுதா போர்த்திக் கிடந்தது. போன வருஷம் கிளப்பிப் பார்த்தபோது தெரு முழுவதும் நீலப் புகை. எதிர் வீட்டுக்காரர் கொசு மருந்து அடிக்கிறார்கள் என்று ஜன்னலைச் சாத்திக் கொண்டாராம்.

அந்த எஞ்சினுக்கு எக்ஸ்.பி.ஏ.ஜி. என்று பெயர். நான்கு சிலிண்டர், 1250 ஸி.ஸி. கிணற்றின் குறுக்களவு 66.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்குகிற தூரம் 90 மில்லிமீட்டர். இங்கிலீஷ்காரன் செய்த எஞ்சினுக்கு மில்லிமீட்டர் கணக்கு எங்கிருந்து வந்தது? அது ஒரு வேடிக்கையான சங்கதி. பிரான்ஸில் துப்பாக்கி, பீரங்கி செய்து கொண்டிருந்த ஹாட்ச்கிஸ் கம்பெனி, முதல் உலக யுத்தத்தின்போது இங்கிலாந்தில் காவென்ட்ரி நகரத்தில் ஒரு தொழிற்சாலை திறந்தது. யுத்தம் முடிந்ததும் துப்பாக்கிக்குத் தேவை இல்லை. மாரிஸுக்கு எஞ்சின் செய்து கொடுக்கத் தொடங்கினார்கள். 1923-ல் மாரிஸ் அந்தத் தொழிற்சாலையையே வாங்கிக் கொண்டார். யந்திரங்கள் எல்லாம் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. அவற்றைத் தூக்கி எறிய மனம் வருமா? மரையை அப்படியே வைத்துக் கொண்டு, நட்டு போல்ட்டின் தலையை மட்டும் இங்கிலீஷ் ஸ்பானருக்குப் பொருந்துகிற மாதிரி செய்தார்கள். கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்த டி.ஸி.யிலும் அதே கதை. 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இன்று கடையில் கிடைக்கிற மரையின் இடைவெளி 1.25 மில்லிமீட்டர், இதற்கோ 1 மில்லிமீட்டர். தெரியாமல் கடை போல்ட்டைப் போட்டு முறுக்கினால் பிளாக்கின் மரை போய்விடும்.

"பிரெஞ்சுக்காரன் உடம்பு, வெள்ளைக்காரன் தலைங்க" என்றார் மேஸ்திரி. பிரெஞ்சுக்காரன் வெள்ளைக்காரன் இல்லையா என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

மேஸ்திரிக்கு எழுபது தாண்டியிருக்கும். சிங்காநல்லூர் பக்கம் அவர் பட்டறை. பதினாலு வயதில் லேத்துக்கு எண்ணெய் விட வந்தவர். லாரி பிளாக், டிராக்டர் பிளாக், கிணற்றடி ஆயில் எஞ்சின் இவைதான் தினசரி வேலை. சுவரில் முருகன் படம், அதற்குக் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டியில் அளவுக் கருவிகள். முருகனுக்கு ஊதுவத்தி, கருவிகளுக்கு வெல்வெட் துணி. இரண்டையும் அவர் மட்டுமே தொடலாம்.

இங்கே ஒரு வார்த்தையை அறிமுகப்படுத்தி வைக்க வேண்டும். ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்குக்குப் பட்டறையில் 'தௌ' என்று பெயர். நாற்பது தௌ சேர்ந்தால் ஒரு மில்லிமீட்டர். தலைமயிர் ஒன்றின் கனம் இரண்டு மூன்று தௌ இருக்கும். பட்டறைக்காரர்கள் இந்த அளவில்தான் சந்தோஷப்படுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், ஒருவரையொருவர் குறை சொல்கிறார்கள்.

பிஸ்டன் ஓடி ஓடிச் சிலிண்டர் தேய்கிறது. தேய்மானம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. மேலே, பிஸ்டனின் முதல் ரிங் வந்து திரும்புகிற இடத்தில் அதிகம். அந்த இடத்தில் பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது. நின்றதும் எண்ணெய்ப் படலம் அறுகிறது. அப்போதுதான் பெட்ரோல் வெடிக்கிறது, ரிங்கைச் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. அதனால் வட்டக் கிணறு மேலே அகன்று, ஒரு பக்கம் நீண்டு, முட்டை வடிவமாகிறது. இதற்கு வைத்தியம், கிணற்றை இன்னும் கொஞ்சம் பெரிய வட்டமாகக் கடைந்து, பெரிய பிஸ்டன் போடுவது. இருபது தௌ, நாற்பது தௌ, அறுபது தௌ என்று பெரிய பிஸ்டன்கள் படிப்படியாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு தரமும் சுவர் மெலிகிறது. எடுத்த இரும்பைத் திரும்பி வைக்க முடியாது.

தகப்பனார் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். வண்டிக்காகச் செலவழித்த ஒவ்வொரு காசும் அதில் இருக்கிறது. 1962-ல் இருபது தௌ. 1971-ல் நாற்பது. 1988-ல் அறுபது. கடைசித் தடவை வேலை செய்தவர் யாரோ, பெயரை எழுதவில்லை. அந்த ஆளைப் பற்றி மேஸ்திரிக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. டயல் கேஜை நாலாவது கிணற்றுக்குள் மெதுவாக இறக்கி, திருப்பி, மறுபடி இறக்கி, முள்ளைப் பார்த்துக் கொண்டே இருந்தார்.

"மேலே பதினொண்ணு, அடியில ரெண்டு. அது ஓடித் தேஞ்சது, சரி. ஆனா கிணறே சாஞ்சிருக்குதுங்களே. மேல்தளத்து மேல யந்திரத்தை உக்கார வெச்சுக் கடைஞ்சிருக்கான். மேல்தளம் கிராங்குக்கு நேரா இருக்குதான்னு பாக்கவே இல்லை."

மேல்தளம் கோணலாக இருந்தால் அதை நம்பிக் கடைகிற கிணறும் கோணலாகத்தான் போகும். பிஸ்டன் ஒரு பக்கமாக உராய்ந்து கொண்டே ஏறும், இறங்கும். முப்பது வருஷமாக ஒரு மனிதன் தோள்பட்டை வலியோடு வேலைக்குப் போய் வந்த மாதிரி.

மேஸ்திரியின் பேரன் என்ஜினீயரிங் படித்தவன். அவன் கையில் சுவரின் கனத்தை ஒலி அலையால் அளக்கிற கருவி ஒன்று இருந்தது. பசையைத் தடவி, காசு அளவான ஒரு பொத்தானைச் சுவரில் ஒட்டி வைத்தால் மறுபக்கம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எண் காட்டும். டாக்டர்கள் வயிற்றில் வைத்துப் பார்க்கிறார்களே, அதன் சகோதரன். ஒவ்வொரு கிணற்றிலும் எட்டு இடத்தில் வைத்துப் பார்த்து, சாக்கட்டியால் பக்கத்திலேயே எழுதினான். 5.2, 5.0, 4.8 என்று வந்து கொண்டிருந்த எண், நாலாவது சிலிண்டரின் தண்ணீர்ப் பக்கத்தில் 3.4 என்று காட்டியது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தான். 3.4.

காரணம் இரண்டு. ஒன்று துரு. நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரைத்தான் ரேடியேட்டரில் ஊற்றியிருக்கிறார்கள். உப்பு உள்ளேயிருந்து தின்றிருக்கிறது. இன்னொன்று பிறவியிலேயே வந்தது. பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடும் இடத்துக்கு மணலால் கோர் என்று ஒன்று செய்து அச்சுக்குள் வைப்பார்கள். உருகிய இரும்பு பாய்கிறபோது அந்த மணற் கோர் கொஞ்சம் நகர்ந்தால், ஒரு பக்கம் சுவர் தடிக்கும், எதிர்ப் பக்கம் மெலியும். வார்ப்படத் தொழில் தெரிந்த ஊராகையால் கோயமுத்தூரில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. டீ கொண்டு வந்த பையன் கூட, "கோர் நகந்திருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போனான்.

இனிப் பெரிய பிஸ்டனுக்கு வழி இல்லை. மிச்சம் இருப்பது ஸ்லீவ். கிணற்றை நன்றாக அகலப்படுத்தி, உள்ளே புது இரும்புக் குழாய் ஒன்றை இறுக்கமாக இறக்கி, அந்தக் குழாயைப் பழைய 66.5 அளவுக்குக் கடைவது. பிளாக் 1948-ல் இருந்த அளவுக்குத் திரும்பி விடும். ஆனால் குழாய்க்கு இடம் செய்ய, இப்போது 68 மில்லிமீட்டர் இருக்கிற கிணற்றை 71 ஆக்க வேண்டும். 3.4-ல் ஒன்றரை போனால் மீதி 1.9. அங்கே வார்ப்பில் ஒரு குறை ஒளிந்திருந்தால் ஊசி தண்ணீர்ப் பக்கம் போய்விடும்.

அன்று இரவு சிநேகிதர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். பழைய மோட்டார்கள் வாங்கி விற்கும் தரகர் ஒருவரிடம் அவர் யோசனை கேட்டிருந்தார். அந்த மனிதர் சொன்ன வழி ரொம்பச் சுலபம். இங்கிலாந்திலிருந்து இன்னொரு பழைய பிளாக் தருவித்துக் கொள்ள வேண்டியது. இந்த எஞ்சினின் நம்பர் ஓர் எண்கோணப் பித்தளைத் தகட்டில் பொறித்து பிளாக்கில் ரிவெட் அடித்திருக்கிறது. அதை நோகாமல் பெயர்த்து எடுத்துப் புது பிளாக்கில் அடித்துவிட வேண்டியது. புஸ்தகத்தில் இருக்கிற நம்பரும் வண்டியில் இருக்கிற நம்பரும் ஒன்றாக இருந்தால் விலை குறையாது. யாருக்குத் தெரியப் போகிறது?

"எல்லாரும் அப்படித்தான் பண்றாங்களாம், ஸார்" என்றார் சிநேகிதர். பாவம், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பட்டறையில் நாளைக்கு ஊசி ஓட்டை போட்டுவிட்டால் தகப்பனாரின் எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான் போகும். கடையாமல் வைத்தால் குறைந்த பட்சம் கொட்டகையில் முழுசாகவாவது இருக்கும்.

அவருடைய தாயார் வெற்றிலையை மடித்துக் கொண்டே கேட்டுக் கொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் வயது. காது அவருக்கு வேண்டியபோது நன்றாகக் கேட்கும்.

"ஏங் கண்ணு, எங்கம்மா எனக்குப் போட்டாங்களே அட்டிகை, அதை அழிச்சுத்தானே வளையல் பண்ணினோம்?"

"ஆமாங்க அம்மா."

"வளையலை அழிச்சு உன் பொண்ணுக்கு நெக்லெஸ். ரெண்டு தடவையும் தட்டான் சேதாரம்னு பிடிச்சுக்கிட்டான். அதனால அது எங்கம்மா நகை இல்லைன்னு ஆயிடுமா?"

"ஆகாது."

"கடையில ஒரு நகை வாங்கி அதுல எங்கம்மா பேரைக் கொத்திட்டா?"

சிநேகிதர் பதில் சொல்லவில்லை. அம்மாள் வெற்றிலையை வாயில் போட்டுக் கொண்டார். பேச்சு முடிந்துவிட்டது என்பதற்கு அந்த வீட்டில் அதுதான் அடையாளம்.

தகட்டை மாற்றி அடிக்கிற வியாபாரத்தைப் பற்றி என் அபிப்பிராயத்தையும் சொல்லி விடுகிறேன். விற்கிறபோது அது மோசடி. அதில் விவாதத்துக்கு இடமே இல்லை. விற்காமல் தானே வைத்துக் கொண்டாலும், தினம் கொட்டகைக் கதவைத் திறக்கிறபோது கண்ணில் படுகிற முதல் பொருள் அந்தத் தகடாகத்தான் இருக்கும். பொய்யைப் பிறருக்குச் சொல்வது ஒரு தினுசு. அதற்குத் தினமும் பாலீஷ் போட்டுக் கொண்டிருப்பது இன்னொரு தினுசு.

மறுநாள் காலை பட்டறையில் பிளாக்கை ஏற்றினார்கள். மேல்தளத்தை நம்பாமல், கிராங்க் உட்காரும் மூன்று பேரிங் இடங்களைப் பிடித்து நேர் பார்த்தார்கள். இதற்கே மத்தியானம் ஆகிவிட்டது. பிறகு ஊசிக்கு மையம் கண்டு பிடிக்க வேண்டும். தேய்ந்த இடத்தை வைத்து மையம் பிடித்தால் தேய்மானத்தின் கோணல் புதுக் கிணற்றுக்கும் வரும். ரிங் எட்டாத ஒரு நூல் அகலம் உச்சியில் தேயாமல் இருக்கும். அடியிலும் அப்படி ஓர் இடம். வழக்கமாக அவற்றைத்தான் பிடிப்பார்கள். இங்கே அவையே 1988-க்குப் பிறகு கோணல். மேஸ்திரி காவென்ட்ரியில் துளைத்த பழைய துவாரங்களிலிருந்து அளந்து கணக்குப் போட்டு மையம் வைத்தார். காகிதத்தில் போட்ட கணக்கைப் பேரன் கம்ப்யூட்டரில் சரி பார்த்தான். கிழவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"முதல் சிலிண்டர்லேர்ந்து வரிசையாப் போகலாங்களா?" என்று சிநேகிதர் கேட்டார்.

"வரிசை கணக்குப் பிள்ளைக்குத்தானுங்க தம்பி. கெட்டதை முதல்ல பாத்துக்கோணும். அது போச்சுன்னா மத்த மூணுக்கும் நீங்க எதுக்குக் காசு குடுக்கோணும்?"

நாலாவது சிலிண்டரில் ஊசி இறங்கியது. நான் பெரிய சத்தத்தை எதிர்பார்த்துத் தயாராக நின்றேன். அப்படி ஒன்றும் இல்லை. கல் உரலில் அரிசி திரிகிற மாதிரி ஒரு மெல்லிய இரைச்சல். வார்ப்பிரும்பு சுருள் சுருளாக வருவதில்லை. அதற்குள் கரி இழை இழையாகக் கலந்திருப்பதால் உதிர்ந்து பொடியாக விழுகிறது. பென்சில் சீவின தூள் போல் கறுப்பாக, கொஞ்சம் மினுமினுப்போடு, கீழே ஒரு சிறிய குவியல் சேர்ந்தது. சோழவரத்தில் ஆறாவதாகவோ ஏழாவதாகவோ ஓடிய இரும்பு. சிநேகிதர் அந்தக் குவியலைப் பார்க்கவில்லை. மேஸ்திரியின் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். ஆபரேஷன் அறைக்கு வெளியே நிற்பவர்கள் நர்ஸின் முகத்தைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை.

ஒரு ஓட்டம், அளவு. இன்னொரு ஓட்டம், அளவு. 69. 69.8. 70.6 வந்ததும் மேஸ்திரி ஊசியை வெளியே எடுத்து, விளக்கை உள்ளே தொங்க விட்டு, தலையைக் கிணற்றின் மேலே கவிழ்த்துக் கொண்டார். ரொம்ப நேரம் நிமிரவில்லை. பிறகு பேரனைக் கூப்பிட்டு ஒரு தையல் ஊசி கொண்டு வரச் சொன்னார்.

மேலிருந்து மூன்று விரற்கடை கீழே, தண்ணீர்ப் பக்கம், மிளகு அளவில் ஒரு கறுப்புப் புள்ளி. எழுபத்தைந்து வருஷத்துக்கு முன்பு இரும்பு உறைகிறபோது சிக்கிக் கொண்ட காற்றுக் குமிழி. தையல் ஊசியின் நுனி அதற்குள் கொஞ்சம் போயிற்று. எவ்வளவு போயிற்று என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

யந்திரத்தை நிறுத்தினார்கள். தண்ணீர்த் துவாரங்களை எல்லாம் ரப்பரும் இரும்புத் தகடும் வைத்து அடைத்து, உள்ளே தண்ணீர் நிரப்பி, கைப் பம்பால் அழுத்தம் ஏற்றினார்கள். கிணற்றின் உள் சுவரைத் துடைத்து உலர்த்தி, சாக்கட்டிப் பொடியைக் குழைத்துப் பூசினார் மேஸ்திரி. சாக்கட்டி வெள்ளையாகக் காய்ந்தது. எங்கேயாவது ஈரம் கசிந்தால் அங்கே கறுக்கும். "காலையில பாக்கலாமுங்க" என்று சொல்லி விளக்கை அணைத்தார். அவர் வீட்டுக்குப் போகவில்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. பட்டறைக் கட்டிலில் படுத்துக் கொண்டு, இரண்டு மணிக்கு ஒரு தரம் எழுந்து பம்பை அழுத்தியிருக்கிறார்.

காலையில் சாக்கட்டி வெள்ளையாகவே இருந்தது.

"ஆனா எழுபத்தொண்ணுக்குப் போக மாட்டேனுங்க" என்றார்.

"ஸ்லீவ் எழுபத்தொண்ணுக்குத்தானே வந்திருக்கு?"

"ஸ்லீவைக் கடைஞ்சு சின்னது பண்றேன். உடம்புக்குத்தானுங்க சட்டை தைக்கோணும். சட்டைக்காக உடம்பைச் செதுக்குவாங்களா?"

மற்ற மூன்று சிலிண்டர்களும் சாதாரணமாக நடந்தன. அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. நான்கையுமே 70.6-ல் நிறுத்தினார், ஒரே மாதிரி இருக்கட்டும் என்று. அடியில் ஒரு சிறு படி விட்டார், ஸ்லீவ் வழுக்கி இறங்காமல் இருக்க. பிறகு லேத்தில் ஸ்லீவ்களின் வெளிப்புறத்தைக் கடைந்தார். கிணற்றைவிட இரண்டு தௌ பெரிசு. அந்த இரண்டு தௌதான் பிடி. பெரிய பொருளைச் சின்னத் துவாரத்தில் எப்படி இறக்குவது? பொருளைக் குளிர வைத்தால் சுருங்கும். பிளாக்கைச் சூடாக்கினால் விரியும். ஸ்லீவ்கள் நான்கும் ஓர் இரவு முழுவதும் சிநேகிதர் வீட்டு ஐஸ் பெட்டியின் உறைபனித் தட்டில், சமையற்காரியின் ஆட்சேபத்தை மீறி, தேங்காய்த் துருவலோடு படுத்திருந்தன. மறுநாள் சூடான பிளாக்கில் ஒவ்வொன்றாக இறக்கியபோது வழுக்கிக் கொண்டு போய்ப் படியில் 'டக்' என்று உட்கார்ந்தது. ஒரு நிமிஷம் கழித்து அசைத்துப் பார்த்தோம். யானை கட்டி இழுத்தாலும் வராது.

கடைசி அளவுக்குக் கடைகிற கட்டத்தில்தான் தொழிலின் நுட்பம் தெரிந்தது. இங்கிலாந்திலிருந்து தபாலில் வந்த பிஸ்டன்கள் நான்கும் ஒரே அளவு என்று பெட்டியில் போட்டிருந்தது. மேஸ்திரி நான்கையும் தனித்தனியாக அளந்தார். அரை தௌ வித்தியாசம் இருந்தது. பிஸ்டன் தலையில் 1, 2, 3, 4 என்று எழுதி, அந்தந்தப் பிஸ்டனுக்கு அந்தந்தக் கிணறு என்று ஜோடி சேர்த்தார். ஊசி, அளவுக்கு இரண்டு தௌ முன்பே நின்று கொண்டது. மிச்சத்தைச் சாணைக் கல்லால் தேய்த்து எடுக்க வேண்டும். அதற்கு ஹோனிங் என்று பெயர். தேய்க்குமுன் தடித்த இரும்புப் பலகை ஒன்றை பிளாக்கின் மேல் வைத்து, ஹெட்டை முறுக்குகிற அதே பலத்தோடு நட்டுகளை முறுக்கினார். முறுக்கினால் இரும்பு கூடக் கொஞ்சம் வளைந்து கொடுக்கிறது, வட்டம் கெடுகிறது. முறுக்கின நிலையில் வட்டமாக்கினால், வண்டியில் முறுக்கும்போது வட்டமாக இருக்கும். பலகையைக் கழற்றிவிட்டு அளந்தால் கோணலாகக் காட்டும். அப்படித்தான் காட்டவும் செய்தது.

சாணைக் கற்கள் சுற்றிக் கொண்டே மேலும் கீழும் போகின்றன. சுவரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், பாய் முடைந்த மாதிரி. கண்ணாடி போல் வழவழப்பாக்கினால் நன்றாயிருக்குமே என்று தோன்றும். கூடாது. வழவழப்பான சுவரில் எண்ணெய் நிற்காது. புது ரிங்கும் பழகிப் படியாது. அந்தக் கீறல்களில்தான் எண்ணெய் தங்குகிறது. பத்திரிகை ஆபீஸில் என் கதைகளை இழைத்து இழைத்து வழவழப்பாக்குகிற ஓர் உதவி ஆசிரியர் உண்டு. அவரை ஒரு தரம் சிங்காநல்லூருக்கு அழைத்துப் போக வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் பிளாக்கைக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் போதாதாம். சாணைப் பொடி கீறல்களுக்குள்ளேயே தங்கி, நாலு நாளில் புது ரிங்கைத் தின்றுவிடும். வெந்நீரும் சோப்பும் பிரஷ்ஷும்தான். குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். உலர்ந்ததும் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் சாம்பல் நிறம் வந்தால் மறுபடி சோப்பு. பட்டறையில் இருந்த துணியெல்லாம் பல வர்ணம். தாயார் காலையிலேயே ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்திருந்தார். பிரித்தால் மல் வேட்டி ஒன்று. பல தண்ணீர் கண்டு பஞ்சு போல் மிருதுவாகியிருந்தது. யாருடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது. மேஸ்திரி அதைக் கரை பக்கமாகப் பிடித்து டர் டர் என்று நாலாகக் கிழித்தார்.

முதல் துடைப்பில் துணி சாம்பலாக வந்தது. சோப்பு. இரண்டாவதில் கொஞ்சம் குறைவு. நாலாவது தடவை முதல் மூன்று சிலிண்டர்களிலும் துணி வெள்ளையாகவே வந்தது. கடைசிச் சிலிண்டரை மட்டும் அவர் ஆறு தடவை துடைத்தார். பிறகு நான்கிலும் எண்ணெய் பூசி, பிளாக்கைப் பாலிதீன் உறையில் சுற்றிக் கட்டினார்கள். பித்தளைத் தகட்டை யாரும் தொடவில்லை. அதன் ஒரு மூலையில் பச்சைக் களிம்பு அப்படியே இருந்தது.

சிநேகிதர் கணக்கு நோட்டைப் பையிலிருந்து எடுத்தார். 1988-ம் வருஷத்து வரிக்குக் கீழே தேதி போட்டு, 'ஸ்லீவ் 4. அளவு 66.5. நாலாவதில் புள்ளி, கசிவு இல்லை' என்று எழுதிவிட்டு, கூலி எவ்வளவு என்று மேஸ்திரியைப் பார்த்தார். அவர் சொன்ன தொகையில் ராத்திரி விழித்த கணக்கு இல்லை. சேர்த்துக் கொள்ளச் சொன்னதற்கு, கேட்காதவர் போல் பேரனிடம் ஏதோ வேலை ஏவினார்.

புறப்படுகிற சமயத்தில் எங்களைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்த வேட்டியில மிச்சத் துணி இருந்தாக் குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு ஒரு லாரி பிளாக் இருக்குதுங்க."